திருப்பணிக் காலத்தில் இறைவன் எங்கே எழுந்தருளியிருக்கிறார்?

நெடுந்தொலைவிலிருந்து திருத்தலங்களை நாடி வரும் மெய்யன்பர்கள் சில வேளைகளில் மனம் சோர்ந்து நிற்பதைக் காண்கிறோம். இராஜகோபுரம் முழுவதும் சவுக்குக் கழிகளால் சாரம் கட்டப்பட்டிருக்கிறது. கருவறையின் முன் திரை தொங்குகிறது. "மூலவர் தரிசனம் இல்லை, பாலாலயத்தில் சேவித்துக்கொள்ளவும்" என்ற அறிவிப்புப் பலகை வாயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. மகப்பேற்றுக்காகவோ, நோய் நீங்கவோ நேர்ந்துகொண்டு வந்தவர்களுக்கு இது பெருத்த ஏமாற்றமாகத் தோன்றுதல் இயல்பே. ஒரு மண்டபத்தின் மூலையில் மாலை சூட்டி வைக்கப்பட்டிருக்கும் மரப்பலகையைப் பார்த்துவிட்டு, "சுவாமி இல்லாத நேரத்தில் வந்துவிட்டோமே" என்று வருந்தித் திரும்புவோரும் உளர்.

அவர்கள் வருந்த வேண்டியதில்லை. ஆகம நெறிப்படி, பாலாலயம் செய்யப்பட்ட நாள் முதல் குடமுழுக்கு நாள் வரை, இறைவன் எழுந்தருளியிருக்கும் இடம் அந்த எளிய பலகையே. அன்றாடப் பூசையும் நிவேதனமும் தீபாராதனையும் அங்கேதான் நடைபெறுகின்றன. அந்நாட்களில் அங்கு செய்யும் வழிபாடு, கருவறையில் செய்யும் வழிபாட்டிற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. இஃது எவ்வாறு பொருந்தும் என்பதை அறிந்துகொண்டால், குடமுழுக்கு என்னும் பெருவிழாவின் உட்பொருளும் விளங்கும்.

கல்லில் வடிக்கப்பட்ட திருவுருவம் சிற்பியின் உளியால் மட்டும் வழிபாட்டிற்கு உரியதாகிவிடுவதில்லை. உரிய மந்திரங்களாலும் கிரியைகளாலும் இறைவனது கலைகளை அதில் எழுந்தருளச் செய்த பின்னரே அது திருமேனியாகிறது. அவ்வாறு எழுந்தருளச் செய்யும் முறை ஒன்று இருப்பதுபோலவே, அக்கலைகளைத் திருமேனியிலிருந்து பிறிதோர் இடத்திற்கு மாற்றி எழுந்தருளுவிக்கும் முறையும் ஆகமங்களில் வகுக்கப்பட்டுள்ளது. அதற்குக் கலாகர்ஷணம் என்று பெயர். ஆகர்ஷணம் என்பது ஈர்த்தல். மூலவரின் முன் நீர் நிறைந்த கும்பத்தை வைத்து, திருமேனியில் நிறைந்துள்ள கலைகளை அக்கும்பத்து நீரில் எழுந்தருளுமாறு வேண்டிச் செய்யும் கிரியை இது.

இங்கே கும்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். திருக்கோயில்களில் கும்பத்தைக் காணாத அன்பர் எவரும் இலர். ஆயினும் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்குவோர் சிலரே. கும்பம் தெய்வத் திருமேனியாகவே பாவிக்கப்படுகிறது. குடம் உடல், அதன்மேல் இடைவிடாது குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்படும் நூல் நாடி நரம்புகள், உள்ளே நிறைந்த நீர் குருதி, போர்த்தப்படும் பட்டு தோல், மேலே வைக்கப்படும் தேங்காய் சிரம், மாவிலைக் கொத்து சடைமுடி, தருப்பைக் கூர்ச்சம் உயிர்மூச்சு. மண்ணும் நீரும் நூலும் இலையுமாக, எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே ஒரு திருமேனியை அமைத்துவிட முடிகிறது. பல நூறு மணங்கு எடையுள்ள கல் திருமேனியில் விளங்கிய பெருமான், ஒருவர் தலையில் சுமந்து செல்லத்தக்க குடத்தில் எழுந்தருளுகிறார் என்பதே இக்கிரியையின் வியப்பு.

கும்பத்திலிருந்து அக்கலைகள், அத்திப் பலகையில் எழுதப்பட்ட அல்லது செதுக்கப்பட்ட திருவுருவத்திற்கு மாற்றப்படுகின்றன. அத்திருவுருவம் வேறொரு மண்டபத்தில் எழுந்தருளுவிக்கப்படும். அதுவே பாலாலயம். வண்ணத்தால் எழுதிய உருவத்தின்மேல் நீரை ஊற்றினால் அது அழிந்துவிடும் அல்லவா? ஆகவே முன்னே ஒரு கண்ணாடியை வைத்து, அதில் தோன்றும் நிழலுருவிற்குத் திருமஞ்சனம் செய்யும் வழக்கம் உண்டு. நிழலுக்கு நீராட்டி நிஜத்திற்கு அன்பு செலுத்தும் இம்முறையின் நயத்தை, வாய்ப்புக் கிடைக்கும்போது அன்பர்கள் அருகிருந்து காணலாம்.

பாலாலயம் என்னும் சொல்லுக்கு அழகிய தமிழ்ப் பெயர் தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. அது இளங்கோயில் என்பதாகும். கோயில்களின் வகைகளை எண்ணிக் கூறும் அப்பர் பெருமான், பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் ஆகியவற்றோடு இளங்கோயிலையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். திருவாரூர் மாவட்டத்தில் பேரளத்திற்கு அருகிலுள்ள திருமீயச்சூருக்குச் சென்றால் இதனைக் கண்ணாரக் காணலாம். அங்கே மேகநாதர் எழுந்தருளியுள்ள பெருங்கோயிலைத் திருஞானசம்பந்தர் பாடியுள்ளார். அதே வளாகத்தில் உள்ள இளங்கோயிலை அப்பர் தனியே பாடியுள்ளார். பெருங்கோயில் திருப்பணி நடைபெற்ற காலத்தில் இறைவன் எழுந்தருளியிருந்த பாலாலயமே பின்னர் நிலைத்த கோயிலாயிற்று என்று அறிஞர் கொள்வர். லலிதாம்பிகையின் தரிசனத்திற்காக அத்தலத்திற்குச் செல்லும் அன்பர் பலர். இளங்கோயிலின் முன்னும் சற்று நேரம் நின்று வருவார்களாக. திருப்பணிக் காலத்துத் தற்காலிகச் சந்நிதி, பாடல் பெற்ற தலமாகவே விளங்குவதை அங்கே காணலாம்.

இனி, இறைவனை இவ்வாறு இடம் பெயரச் செய்து திருப்பணி செய்ய வேண்டிய தேவைதான் என்ன? குடமுழுக்கினை ஆவர்த்தம், அனாவர்த்தம், புனராவர்த்தம், அந்தரிதம் என நான்காகப் பகுத்துக் கூறுவர். புதிதாகக் கோயில் எடுத்துச் செய்வது ஆவர்த்தம். ஆற்று வெள்ளம் முதலியவற்றால் அழிந்துபட்ட கோயிலை மீண்டும் அமைத்துச் செய்வது அனாவர்த்தம். கள்வர் புகுதல் போன்றவற்றால் நேர்ந்த குற்றம் நீங்கச் செய்வது அந்தரிதம். நாம் பெரும்பாலும் காண்பது புனராவர்த்தமே. சிதைந்த பகுதிகளைச் செப்பனிட்டு, மருந்து சாத்திச் செய்யப்படுவது அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யப்பட வேண்டும் என்று சொல்லப்படுவதும் இதுவே. ஆயினும் நடைமுறையில் இடைவெளி நீள்வதுண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் 1997ஆம் ஆண்டிற்குப் பின் 2020 பிப்ரவரி 5 அன்றுதான் குடமுழுக்கு நடைபெற்றது. திருச்செந்தூரில் 2009ஆம் ஆண்டிற்குப் பின் 2025 ஜூலை 7 அன்று நடைபெற்றது.

மருந்து சாத்துதல் என்றவுடன் பலருக்கு வியப்புத் தோன்றும். அதுதான் அஷ்டபந்தனம், அதாவது எண்வகை மருந்து. மூலவரின் திருமேனியும் அதனைத் தாங்கும் பீடமும் தனித்தனிக் கற்கள். பீடத்தின் உட்குழியில் யந்திரத் தகடும் நவரத்தினங்களும் வைக்கப்பட்டு, அதன்மேல் திருமேனி நிலைநிறுத்தப்படுகிறது. இரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளியை நிரப்பிப் பிணைப்பதே இம்மருந்தின் பணி. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் இதில் சேர்கின்றன. அரக்கும் குங்கிலியமும் இறுகப் பற்றுவன. சுக்கானும் காவியும் உடல் கொடுப்பன. பஞ்சு இழையாக நின்று வெடிக்காமல் தாங்குவது. மெழுகும் வெண்ணெயும் குழைவைத் தருவன. இவற்றைக் கல் உரலில் இட்டு உலக்கையால் இடைவிடாது இடிப்பர். இடிக்க இடிக்க மருந்து இளகி, கையால் திரிக்கத்தக்க பதத்தை அடையும். அதனைக் கயிறுபோல் உருட்டித் திருமேனியின் அடியைச் சுற்றிச் சாத்துவர். சில தலங்களில் மருந்து இடிக்கும் தொண்டில் அன்பர்களும் பங்குகொள்ள இசைவு தரப்படுகிறது. அவ்வாறு உலக்கை பிடித்தவர்கள் அந்தத் தோள்வலியை நெடுநாள் மறப்பதில்லை.

நாள்தோறும் நடைபெறும் அபிஷேகத்தின் நீரும் பாலும் எண்ணெயும் பட்டு, ஆண்டுகள் செல்லச் செல்ல இம்மருந்து உலர்ந்து வெடிக்கிறது. வெடிப்பின் வழியே நீர் உள்ளிறங்குகிறது. பிணைப்புத் தளர்கிறது. நாம் அன்போடு சொரிந்த பாலே அப்பிணைப்பைத் தளர்த்துகிறது என்பதை நினைக்க வேண்டும். வழிபாடு நடைபெறும் கோயிலில்தான் மருந்து தேயும். ஆகவே பந்தனம் தளர்ந்தது என்பதைத் தீக்குறியாகக் கருதி அஞ்ச வேண்டியதில்லை. அது பல்லாண்டு வழிபாட்டின் தடம். தளர்ந்ததை உரிய காலத்தில் செப்பனிடாமல் விடுவதே குற்றமாகும்.

இவ்வாறு காலந்தோறும் புனித இடத்தைப் புதுப்பிக்கும் நெறி நம் நாட்டின் பிற பகுதிகளிலும் அயல்நாடுகளிலும் வேறுவேறு வடிவங்களில் விளங்குகிறது. அவற்றுள் இரண்டினை ஒப்பிட்டு நோக்கினால் நம் முறையின் தனித்தன்மை தெளிவாகும்.

ஒடிசாவிலுள்ள புரி ஜகந்நாதர் ஆலயத்தின் மூர்த்திகள் வேப்பமரத்தால் ஆனவை. ஆஷாட மாதம் இரண்டு முறை வரும் ஆண்டில் அங்கே நவகளேபரம் என்னும் விழா நடைபெறுகிறது. களேபரம் என்பது உடல். புதிய வேப்பமரங்களைத் தேடிக் கண்டு, ஜகந்நாதர், பலபத்திரர், சுபத்திரை, சுதர்சனர் ஆகிய நால்வருக்கும் புதிய திருமேனிகள் செய்யப்படுகின்றன. பின்னர் ஓர் இரவில், பழைய திருமேனியின் உள்ளே உள்ள பிரம்ம பதார்த்தம் என்னும் பொருள் புதிய திருமேனிக்கு மாற்றப்படுகிறது. அதனை மாற்றும் தைதாபதிகள் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, கைகளையும் துணியால் சுற்றிக்கொண்டே அப்பணியைச் செய்கின்றனர். ஆகவே அது யாதென்று அவர்களும் கண்டதில்லை. பழைய திருமேனிகள் ஆலய வளாகத்திலேயே கொய்லி வைகுண்டம் என்னும் இடத்தில் நல்லடக்கம் செய்யப்படுகின்றன. உற்றார் ஒருவர் மறைந்தாற்போலத் தைதாபதிகள் துக்கம் காக்கின்றனர். 1969, 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் இவ்விழா நடைபெற்றது. புரியில் இறைவன் நிலைத்திருக்க, திருமேனி மாறுகிறது.

ஜப்பான் நாட்டின் இசே என்னும் ஊரில், சூரிய தேவதையாகிய அமதெராசுவின் ஆலயம் உள்ளது. அங்கே இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலயத்தையே புதிதாகக் கட்டுகின்றனர். ஒன்றையடுத்து ஒன்றாக இரண்டு மனைகள் உள்ளன. ஒன்றில் ஆலயம் நிற்கும்போது மற்றொன்று வெறுமையாக இருக்கும். வெற்று மனையில் ஹினோகி என்னும் மரத்தால் பழைய அமைப்பில் சிறிதும் மாறாமல் புதிய ஆலயம் எழுப்பப்பட்டதும், நள்ளிருளில், வெண்பட்டுத் திரையால் மறைத்துத் தெய்வத்தைப் புதிய இல்லத்திற்கு எழுந்தருளச் செய்கின்றனர். கி.பி. 690ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கம் இடையில் போர்களால் நூறாண்டுகளுக்கு மேல் தடைப்பட்டும், மீண்டும் தொடர்ந்தது. 62ஆவது முறையாக 2013 அக்டோபர் மாதத்தில் நடைபெற்றது. பழைய ஆலயத்தின் மரங்கள் பிற ஆலயங்களின் திருப்பணிக்கு வழங்கப்படுகின்றன. இருபது ஆண்டு என்பது, இளைஞனாக உளி பிடித்த தச்சன் அடுத்த முறை தலைமைத் தச்சனாக நின்று பிறருக்குக் கற்பிக்கப் போதிய காலம். கட்டடம் பழையதன்று, கட்டும் கலையே அங்குப் பழையது.

புரியில் திருமேனி மாறுகிறது. இசேயில் இல்லம் மாறுகிறது. தமிழகத்துக் கற்கோயில்களில் இவ்விரண்டும் மாறுவதில்லை. திருமேனியும் அதுவே, கருவறையும் அதுவே. இரண்டிற்கும் இடையிலுள்ள பிணைப்பு மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. இவ்வேற்றுமையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஏனெனில், இசேயின் தச்சர் ஒரு தூணைச் சிதைத்தாலும் அதேபோல் மற்றொன்று செய்வர். அதற்கான கல்வியும் மரமும் அவர்களிடம் உள்ளன. இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டில் ஒரு வரி தேய்ந்துபோனால், அதனை மீண்டும் பொறிக்க வல்லவர் யார்?

திருப்பணி என்ற பெயரால் நேரும் சிதைவுகளை இவ்விடத்தில் கூறாமல் விடுவது முறையாகாது. கற்சுவரிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் அகற்ற, மணலை மிகுந்த விசையுடன் பீய்ச்சியடிக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாகக் கையாளப்பட்டது. சுவர் புதிதுபோல் வெளுத்தது உண்மையே. ஆனால் கல்லின் மேற்பரப்போடு எழுத்துகளும் சிற்பங்களின் நுண்ணிய வேலைப்பாடுகளும் உதிர்ந்தன. அம்முறை அரசால் தடை செய்யப்பட்டது. தரையை உயர்த்தி வழவழப்பான கற்பலகைகள் பதிக்கும்போது, அதிட்டானத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள கல்வெட்டுகள் தரைக்குள் புதைந்துவிடுகின்றன. உபயதாரரின் பெயர்ப் பலகையைப் பொருத்துவதற்காகப் பழைய கல்வெட்டின் நடுவே துளையிட்டிருப்பதையும் சில இடங்களில் காண நேர்கிறது. முன்னொருவர் செய்த தருமத்தின் சாசனத்தை அழித்து, அதன்மேல் நம் தருமத்தை எழுதுதல் தகுமா? தொன்மையான கோயில்களில் வல்லுநர் குழுவின் ஒப்புதல் பெற்றே திருப்பணி செய்ய வேண்டும் என்பது நடைமுறை. கோயில்களின் பழமையைக் காப்பது குறித்து, 2021 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றமும் 75 வழிகாட்டுதல்களை வழங்கியுள்ளது.

இவ்வகையில் நமக்கு நல்வழி காட்டியவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் அன்னையுமாகிய இவ்வம்மையார், பத்தாம் நூற்றாண்டில் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றியமைத்தார். காவிரியின் வடகரையிலுள்ள திருக்கோடிக்காவல் கோயிலைக் கல்லால் எடுப்பித்தபோது, அங்கிருந்த பழைய கற்களில் முந்தைய மன்னர்கள் காலத்துக் கொடைகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவர் அவற்றை வீசியெறியவில்லை. அவ்வெழுத்துகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிக்கச் செய்தார். இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. விளக்கெரிக்க ஆடு கொடுத்த ஒருவரின் பெயரும், நிலம் கொடுத்த மற்றொருவரின் பெயரும் ஓர் அரசியின் திருப்பணியால் அழிந்துவிடக் கூடாது என்னும் நேர்மை அது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பல நூற்றாண்டுகளாக எவரும் காணாமல் இருந்த ஓவியங்கள் அவை. எனவே வெள்ளையடிப்பதற்கு முன் சுவரை உற்று நோக்குவது திருப்பணியின் முதற்கடமை. ஊரில் திருப்பணிக் குழு அமையும்போது, கல்வெட்டுகளைப் புகைப்படம் எடுத்துவைக்குமாறு அன்பர்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

திருப்பணி நிறைவுற்றதும் குடமுழுக்குக் கிரியைகள் தொடங்குகின்றன. இறைவனிடமும் ஆசாரியரிடமும் இசைவு பெறும் அனுக்ஞை, தடை நீக்க விநாயகர் வழிபாடு, தூய இடத்திலிருந்து மண் எடுத்தல், அம்மண்ணில் நவதானியம் விதைத்து முளைப்பாலிகை இடுதல், ஆசாரியர்கள் காப்புக் கட்டிக்கொள்ளுதல் என அவை வரிசையாகச் செல்லும். முளை செழிப்பாக வளர்தல் நற்குறியாகக் கருதப்படுகிறது. பாலாலயத் திருவுருவிலிருந்து கலைகள் மீண்டும் கும்பத்திற்கு மாற்றப்பட்டு, யாகசாலையில் எழுந்தருளுவிக்கப்படுகின்றன. ஒன்று, ஐந்து, ஒன்பது, முப்பத்து மூன்று எனக் கோயிலின் தகுதிக்கேற்பக் குண்டங்கள் அமையும். நான்கு, ஆறு, எட்டு எனக் காலங்களும் வேறுபடும்.

யாகசாலை தீயோடு தொடர்புடைய இடம் என்பதை அன்பர்கள் மறத்தலாகாது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சையில் யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பந்தலின் வாயில்களை மறித்து நிற்காமல், காவலர்களும் தீயணைப்புத் துறையினரும் கூறும் ஒழுங்கைக் கடைப்பிடித்தல் வழிபாட்டின் ஒரு பகுதியே.

நிறைவு நாளுக்கு முன் நாடி சந்தானம் என்னும் கிரியை செய்யப்படும். யாகசாலைக் கும்பத்திலிருந்து கருவறையிலுள்ள மூலவர் வரை தருப்பைக் கயிறு ஒன்று தொடர்ச்சியாக இணைக்கப்படுகிறது. வேள்விச் சாலையில் விளங்கும் ஆற்றல் அக்கயிற்றின் வழியே திருமேனியைச் சென்றடைவதாகப் பாவனை. கூட்ட நெரிசலில் அக்கயிற்றை எவரும் கவனிப்பதில்லை. மிதித்துக் கடப்போரும் உண்டு. கண்டால் விலகி நின்று வணங்குக.

பின்னர் மங்கல வாத்தியம் முழங்க, கும்பங்களைத் தலையில் தாங்கி வலம் வந்து, குறித்த நல்வேளையில் விமானக் கலசங்களுக்கும் இராஜகோபுரக் கலசங்களுக்கும் புனித நீர் சொரிவர். தஞ்சையில் 2020ஆம் ஆண்டில் தமிழிலும் வடமொழியிலும் ஓதி இக்கிரியைகள் நடைபெற்றன. வானில் கருடன் வட்டமிடுகிறதா என்று ஆயிரக்கணக்கான கண்கள் மேல்நோக்கும் அவ்வேளையில், கீழே கருவறையிலும் கும்பநீர் மூலவர்மேல் சொரியப்படுகிறது. பாலாலயத்திற்குச் சென்ற பெருமான் தம் பழைய திருமேனிக்குத் திரும்பும் நொடி அதுவே. அதனைக் காண்பவர் உள்ளே நிற்கும் சிலர் மட்டுமே. கோபுரத்தின் மேலிருந்து தெளிக்கப்படும் நீர்த்துளி தம்மேல் படவில்லையே என்று நெரிசலில் முன்னேறி இடர்ப்படுவோர் உண்டு. முதியோரும் குழந்தைகளுடன் வருவோரும் அவ்வாறு செய்ய வேண்டியதில்லை.

ஏனெனில் குடமுழுக்கு அன்றோடு முடிந்துவிடுவதில்லை. மறுநாள் முதல் நாற்பத்தெட்டு நாட்கள் மண்டலாபிஷேகம் நடைபெறும். புதிதாகச் சாத்திய மருந்து இறுகத் தொடங்கும் காலமும் இதுவே. இந்நாட்களில் சிறப்பு அபிஷேகமும் அலங்காரமும் நாள்தோறும் உண்டு, கூட்டமும் குறைவு. திருப்பணிக் காலத்தில் வந்து பாலாலயத்தில் வணங்கிச் சென்ற அன்பர்கள், இந்நாட்களுள் ஒன்றில் மீண்டும் வந்து மூலவரைக் கண்ணாரத் தரிசிக்கலாம். அபிஷேக நேரமும் உபயம் செய்யும் முறையும் அந்தந்தத் திருக்கோயில் அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.